பள்ளி வாரியத் தேர்தல்: ஆசிரியர் சங்கம் ஆதரிக்கும் வேட்பாளரின் பணக்கணக்கை எப்படி வாசிப்பது?

முதல்வாக்கு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கலிஃபோர்னியாவில் நாங்கள் வசிக்கும் பள்ளி மாவட்டத்தின் ஐந்து பேர் கொண்ட வாரியத்துக்கு இந்த நவம்பரில் தேர்தல் வருகிறது. குடியுரிமை பெற்ற பிறகு நான் வாக்களிக்கப்போகும் முதல் தேர்தல் இதுவே. அதிபர் தேர்தலைப் பற்றித் தெரிந்துகொள்வதற்கு எந்தச் சிரமமும் இல்லை. ஆனால் என் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளின் வரவுசெலவைத் தீர்மானிக்கும் பதவிக்கு யார் தகுதியானவர் என்று அறிவதற்குத்தான் வழி தெரியாமல் நிற்கிறேன்.

எங்கள் பகுதியில் இருவர் போட்டியிடுகிறார்கள். முதலாமவருக்கு ஆசிரியர் சங்கமும் ஆசிரியரல்லாத பணியாளர் சங்கமும் ஆதரவு அறிவித்திருக்கின்றன. அவருடைய கணக்கில் பெரும்பங்கு இந்தச் சங்கங்களின் அரசியல் நிதியிலிருந்து வந்திருக்கிறது. மற்றவருக்குச் சில பெற்றோரும், வீடுமனைத் தொழிலில் உள்ளவர்களும், உள்ளூர் வணிகர்களும் கொடுத்திருக்கிறார்கள். இதற்கிடையில், 'குழந்தைகள்', 'பெற்றோர்' ஆகிய சொற்களைப் பெயரில் வைத்துக்கொண்ட ஒரு குழு, முதலாமவரைத் தாக்கிப் பளபளப்பான அட்டைகளை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. எந்த வேட்பாளரின் ஒப்புதலும் இன்றி வெளியிடப்படுவதாக அதன் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள்.

என் ஐயங்கள் மூன்று. ஒரு சங்கம் ஆதரவு தருவதற்கு முன்பு வேட்பாளரிடம் எதைக் கேட்கிறது, அதில் கொடுக்கல் வாங்கல் ஏதும் உண்டா? வேட்பாளரின் கையில் நேரடியாகக் கொடுக்கப்படும் பணத்தையும் வெளியிலிருந்து ஒரு குழு தானாகச் செலவிடும் பணத்தையும் சட்டம் ஏன் வேறுவேறாகப் பார்க்கிறது? கடைசியாக, என்னை அதிகம் உறுத்துவது இது: சங்கத்தின் பணத்தில் வென்ற ஒருவர் நாளை அதே சங்கத்தின் ஊதிய ஒப்பந்தத்துக்கு வாக்களிப்பதைச் சட்டம் அனுமதிக்கிறதா?

வாட்ஸ்அப் குழுக்களில் கேட்டால், எல்லாம் சங்கத்தின் பிடியில் இருக்கிறது என்கிறார்கள், இல்லையென்றால் எல்லாம் கோடீஸ்வரர்களின் சதி என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் ஆதாரத்தோடு விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


கணக்கர் எழுதியது:

வணக்கம் அம்மா. உள்ளூர் வேட்பாளர்களுக்குப் பொருளாளராக இருந்து படிவங்களை நிரப்பியவன் என்ற முறையில், உங்கள் இரண்டாவது ஐயத்திலிருந்து தொடங்குகிறேன்.

கலிஃபோர்னியாவில் ஒரு வேட்பாளர் ஓராண்டில் 2,000 டாலர் திரட்டிவிட்டாலோ செலவிட்டுவிட்டாலோ, அவர் ஒரு குழுவைப் பதிவுசெய்து படிவம் 460 மூலம் கணக்குக் காட்ட வேண்டும். 100 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தவர் ஒவ்வொருவரின் பெயரும், தொழிலும், வேலை பார்க்கும் இடமும் அதில் இடம்பெறும். பள்ளி வாரிய வேட்பாளர்கள் இவற்றைக் கவுண்டியின் (மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவு) தேர்தல் அலுவலகத்தில் தாக்கல் செய்கிறார்கள். அந்த அலுவலகத்தின் இணையதளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் நான் முதலில் படிக்கச் சொல்வது 460 அன்று, 497. வாக்குப்பதிவுக்கு முந்தைய 90 நாட்களில் ஒரே இடத்திலிருந்து 1,000 டாலரோ அதற்கு மேலோ வந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிப்பதற்கான படிவம் அது. எல்லா வாக்காளருக்கும் வாக்குச்சீட்டு அஞ்சலில் அனுப்பப்படும் மாநிலம் இது என்பதால், அந்த அஞ்சல் புறப்படுவதற்குச் சற்று முன்னும் பின்னும் வந்த 497-களைத் தேதி வரிசையில் அடுக்கிப் பாருங்கள். யாருடைய பணம் பிரசாரத்தைத் தொடங்கிவைத்தது, யாருடைய பணம் கடைசி நேரத்தில் அதைத் தூக்கி நிறுத்த வந்தது என்பது தெளிவாகத் தெரிந்துவிடும்.

வெளிக்குழுக்களின் பணம் வேறு வகை. 2010-இல் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின் அடிப்படையில், வேட்பாளரோடு கலந்து பேசாமல் செய்யப்படும் சுயேச்சைச் செலவுக்கு உச்சவரம்பு விதிக்க முடியாது. அந்தத் தீர்ப்பை நிறுவனங்களோடு மட்டும் சேர்த்துப் பேசுவது வழக்கம். தொழிற்சங்கங்களுக்கும் அதே உரிமையை அது அளித்தது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இத்தகைய செலவு 1,000 டாலரை எட்டினால் அதே 90 நாள் காலத்தில் 24 மணி நேரத்துக்குள் படிவம் 496 தாக்கலாக வேண்டும். உங்கள் வீட்டுக்கு வந்த அட்டைக்கும் ஒரு 496 இருந்தே தீரும்.

அட்டையின் அடியில் உள்ள பொடி எழுத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குழுவுக்கு 50,000 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தவர்களில் முதல் மூவரின் பெயரை விளம்பரத்திலேயே அச்சிட வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. மாநில அளவிலான போட்டிகளில் இது நல்ல ஏற்பாடு. பள்ளி வாரியப் போட்டி ஒன்றில் வெறும் 20,000 டாலரைக் கொண்டு ஒரு பகுதி முழுவதையும் அட்டைகளால் நிரப்பிவிடலாம் என்னும்போது, அந்த வரம்பை எட்டாத நன்கொடையாளர்களின் பெயர் அட்டையில் வரவே வராது. ஆகவே அட்டையில் பெயர் இல்லை என்பதால் பின்னால் யாரும் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். குழுவின் பெயரைக் கவுண்டி அலுவலகத்தின் தளத்திலும் மாநிலச் செயலரின் கால்-ஆக்சஸ் தளத்திலும் தேடுங்கள். கொடுத்தவரும் இன்னொரு குழுவாக இருந்தால் அந்தப் பெயரையும் தேடுங்கள். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் பெரும்பாலும் இரண்டு மூன்று படிகளில் மனிதப் பெயரோ நிறுவனப் பெயரோ கிடைத்துவிடும்.

'ஜனநாயக வாக்காளர் வழிகாட்டி', 'வரி செலுத்துவோர் வழிகாட்டி' என்பது போன்ற தலைப்பில் பல வேட்பாளர்களை ஒன்றாகப் பரிந்துரைக்கும் அட்டைகளும் வரும். அவற்றில் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால், அந்த இடத்துக்குப் பணம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அதை ஆதரவு அறிவிப்பாகக் கருத வேண்டியதில்லை.

இனி, காகிதத்தில் வராதவை. ஒரு சங்கம் தன் சொந்த உறுப்பினர்களுக்கு அனுப்பும் கடிதமும் செய்யும் தொலைபேசி அழைப்பும் மாநிலச் சட்டப்படி நன்கொடையாகக் கணக்கில் வருவதில்லை. மாலையில் வீடு வீடாகச் செல்லும் தன்னார்வலரின் நேரமும் அப்படியே. சங்கத்தின் ஊதியம் பெறும் ஊழியர் ஒருவர் ஒரு மாதத்தில் தம் வேலை நேரத்தில் 10 சதவீதத்துக்கு மேல் பிரசாரத்துக்குச் செலவிட்டால்தான் அது கணக்கில் ஏறும். என் அனுபவத்தில் சங்க ஆதரவின் மெய்யான மதிப்பு, காசோலையைக் காட்டிலும் வீடு வீடாக நடந்து செய்யும் இந்தப் பிரசாரத்தில்தான் இருக்கிறது. எதிர்த்தரப்புக்கு அப்படிப்பட்ட ஆள்பலம் கிடையாது. அதனால்தான் அவர்கள் அட்டை அச்சிடுகிறார்கள்.

பணத்தின் அளவுக்கு ஓர் எல்லைக் காட்சியாக, 2017-இல் நடந்த லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி வாரியத் தேர்தலைச் சொல்வார்கள். ஒரு பக்கம் ஆசிரியர் சங்கம், மறுபக்கம் சார்ட்டர் பள்ளிகளின், அதாவது அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தின் கீழ் நடக்கும் பள்ளிகளின், ஆதரவாளர்கள். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனர்களில் ஒருவரான ரீட் ஹேஸ்டிங்ஸ் சார்ட்டர் தரப்புக் குழுவுக்குப் பல மில்லியன் டாலர் கொடுத்திருந்தார். மொத்தச் செலவு ஏறத்தாழ 1.5 கோடி டாலர். சங்கம் ஆதரித்த வாரியத் தலைவர் ஸ்டீவ் ஸிம்மர், நிக் மெல்வாயினிடம் தோற்றார். சங்க ஆதரவு இருந்தால் வெற்றி உறுதி என்று சொல்பவர்களுக்கு நான் இதைத்தான் நினைவூட்டுவேன்.


வகுப்பறை எழுதியது:

நான் இதே மாநிலத்தில் வேறொரு மாவட்டத்தில் ஆசிரியை. எங்கள் சங்கத்தின் வேட்பாளர் நேர்காணல் குழுவில் இருந்திருக்கிறேன். எனவே முதல் கேள்விக்கு உள்ளிருந்து பதில் சொல்ல முடியும், ஒரு பக்கத்தைச் சேர்ந்தவள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் மாவட்டத்தில் எல்லா வேட்பாளர்களுக்கும், எங்களுக்கு ஆகாதவர் என்று பெயர் எடுத்தவருக்கும்கூட, ஒரே வினாத்தாள் போகும். பதில் அனுப்பியவர்களை மாலையில் பள்ளி வளாகத்துக்கு வெளியே சந்திப்போம். ஒரு வகுப்பில் எத்தனை மாணவர்கள் இருக்கலாம், மருத்துவக் காப்பீட்டின் சுமை யாருக்கு, கையிருப்பு நிதியை எவ்வளவு வைத்திருப்பீர்கள், சிறப்புக் கல்விக்கு உதவியாளர்கள் கிடைக்காதபோது என்ன செய்வீர்கள், புதிய சார்ட்டர் விண்ணப்பத்தை எந்த அளவுகோலால் எடைபோடுவீர்கள் என்பவைதான் கேள்விகள். குழு பரிந்துரைக்கும்; ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் வந்த பிரதிநிதிகள் வாக்களித்து முடிவெடுப்பார்கள்; அதன் பிறகே மாநிலச் சங்கத்தின் அரசியல் நிதிக்கு விண்ணப்பம் போகும். அடுத்த ஒப்பந்தத்துக்கு வாக்களிக்கிறேன் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. அப்படி ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் அவருக்கு வரவுசெலவுத் திட்டம் புரியவில்லை என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். வேட்பாளரிடம் அவர் நிரப்பிய வினாத்தாளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதைக் காட்டத் தயங்குபவர் சங்கத்தின் ஆதரவை மட்டும் அட்டையில் பெரிதாக அச்சிட்டிருந்தால், அந்தத் தயக்கமே உங்களுக்கு ஒரு செய்தி.

சங்கப் பணம் யாருடையது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. அது உறுப்பினர்களின் சந்தா. 2018-இல் ஜானஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புக்குப் பிறகு, அரசுப் பணியாளர் எவரும் சங்கத்துக்குக் கட்டாயமாக ஒரு டாலர்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. பள்ளிப் பணத்தில் பிரசாரம் செய்வதோ முற்றிலும் தடை. இதில் எவ்வளவு கண்டிப்பு என்பதற்குச் சான் லியாண்ட்ரோ ஆசிரியர் சங்க வழக்கே சாட்சி. 2004 தேர்தலின்போது, தான் ஆதரிக்கும் வாரிய வேட்பாளர்களின் பெயர் அடங்கிய செய்திமடலை ஆசிரியர்களின் பள்ளி அஞ்சல் பெட்டிகளில் போடச் சங்கம் விரும்பியது. அலுவலக அறைச் சுவரில் பெயர் ஒட்டிய சிறு மரக்கூண்டுகள்தாம் அவை. அவையும் மாவட்டத்தின் சொத்து, ஆகவே கல்விச் சட்டத்தின் 7054-ஆம் பிரிவின்படி அவற்றை வேட்பாளர் ஆதரவுக்குப் பயன்படுத்த இடமில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. உங்கள் பிள்ளையின் புத்தகப்பையில் ஒரு வேட்பாளரின் துண்டறிக்கை வந்தால், அது எந்தத் தரப்பினுடையதாக இருந்தாலும், உடனே புகார் செய்யலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். எங்கள் நலனும் பிள்ளைகளின் நலனும் பல இடங்களில் ஒன்றாகவே இருக்கின்றன. சில இடங்களில் அப்படி இல்லை. ஆட்குறைப்பு வந்தால் பணிமூப்பு வரிசையில் இளையவர்கள் முதலில் போவதை நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். ஒரு பெற்றோராக நீங்கள் அதை வேறு விதமாகப் பார்க்கக்கூடும். சங்கம் ஆதரித்த வேட்பாளரிடம் இந்த இடத்தைக் குறிவைத்துத்தான் கேட்க வேண்டும்.


பின்வரிசை எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். வாரியக் கூட்டங்களின் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்பது என் வழக்கம். சட்டம் அனுமதிக்கிறதா என்றால், அனுமதிக்கிறது. அதுவும் தெரிந்தே அனுமதிக்கிறது.

2023 ஜனவரி முதல் உள்ளூர்ப் பதவியில் இருப்பவர்களுக்கும் மாநிலத்தில் ஒரு விதி பொருந்துகிறது. தன் முன் வரும் உரிமத்திலோ ஒப்பந்தத்திலோ சம்பந்தப்பட்ட ஒருவரிடம் கடந்த 12 மாதங்களில் 250 டாலருக்கு மேல் நன்கொடை பெற்றிருந்தால் அவர் அந்த முடிவில் பங்கேற்கக் கூடாது என்பது விதி. 2025 முதல் அந்தத் தொகை 500 டாலராக உயர்ந்திருக்கிறது. ஆனால் அதே பிரிவு, போட்டி ஏலத்தில் விடப்படும் ஒப்பந்தங்களையும் தொழிலாளர் ஒப்பந்தங்களையும் விதிவிலக்காக வைத்திருக்கிறது. பள்ளிக் கட்டடத்துக்கு வரைபடம் தயாரிக்க ஏலமின்றித் தேர்வாகும் நிறுவனம் 600 டாலர் கொடுத்திருந்தால் உறுப்பினர் எழுந்து வெளியே போக வேண்டும். சங்கம் 10,000 டாலர் கொடுத்திருந்தாலும் ஊதிய ஒப்பந்தத்துக்கு அவர் கை உயர்த்தலாம். மாவட்டத்தின் செலவில் பெரும்பகுதி ஊதியமும் சலுகைகளும்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த விதிவிலக்கு வலையில் விழுந்த ஓட்டை அன்று, வலையின் வாசல். மேலே எழுதிய ஆசிரியையின் நேர்மையை மதிக்கிறேன். வாக்குறுதி எழுதி வாங்குவதில்லை என்பதையும் நம்புகிறேன். யாருடைய ஆதரவு இல்லாமல் மறுமுறை வெல்ல முடியாது என்று தெரிந்தவரிடம் எழுதி வாங்கத் தேவையும் இல்லை.

பழைய உறுப்பினர் மீண்டும் போட்டியிட்டால் அவரை எடைபோட ஒரு நல்ல ஆவணம் இருக்கிறது. 1975-இல் வந்த ராடா சட்டத்தின் கீழ் ஆசிரியர்களுக்குக் கூட்டுப் பேரம் பேசும் உரிமை கிடைத்தது. பேரத்தின் தொடக்கக் கோரிக்கைகளை இருதரப்பும் பொதுக் கூட்டத்தில் வெளியிட வேண்டும் என்பதும் அதோடு வந்தது. ஒப்பந்தம் வாரியத்தின் வாக்குக்கு வருவதற்கு முன், அது இந்த ஆண்டும் அடுத்து வரும் ஆண்டுகளும் எவ்வளவு செலவு வைக்கும் என்ற அறிக்கை வெளியாக வேண்டும். மாவட்டத்தின் கண்காணிப்பாளரும் தலைமை நிதி அலுவலரும் அதில் சான்றளிக்க வேண்டும். வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் 72 மணி நேரம் முன்னதாக வெளியாகும். இந்த அறிக்கை அதன் இணைப்புகளில் எங்கோ பின்னால் கிடக்கும். வருகிற ஆண்டுகளில் கையிருப்பு எவ்வளவு குறைகிறது என்ற வரியைப் பாருங்கள். பிறகு கூட்டத்தின் காணொளியில், அந்த வரியைப் பற்றி உங்கள் உறுப்பினர் ஒரு கேள்வியாவது கேட்டாரா என்று பாருங்கள். ஆதரித்து வாக்களித்தாரா என்பதைவிட இது முக்கியம்.

புதியவராக இருந்தால் ஒரே கேள்வி போதும். கலிஃபோர்னியாவில் பள்ளிகளுக்கான பணம் மாணவர்களின் அன்றாட வருகையைப் பொறுத்தே வருகிறது. பல மாவட்டங்களில் மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டிருக்கிறது. 'எண்ணிக்கை குறைந்தால் முதலில் எதை வெட்டுவீர்கள்?' என்று கேளுங்கள். 'நிர்வாகச் செலவை' என்று மட்டும் சொல்லி நிறுத்துபவர், எந்தத் தரப்பினராக இருந்தாலும், கணக்கைப் பார்க்காதவர்.

இரண்டாமவரையும் விட்டுவிடாதீர்கள். அவருடைய நன்கொடைப் பட்டியலில் கட்டடக் கலைஞர், கட்டுமான மேலாளர், கடன்பத்திர ஆலோசகர் யாரேனும் இருக்கிறார்களா என்று தொழில் என்ற பத்தியில் பாருங்கள். பள்ளிக் கட்டடங்களுக்கான கடன்பத்திரத்துக்கு வாக்காளரின் ஒப்புதல் கேட்கும் தீர்மானமும் அதே வாக்குச்சீட்டில் இருந்தால் இன்னும் கூர்ந்து பாருங்கள்.


முதல்வாக்கு எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கணக்கர் ஐயா சொன்னபடி தேடியதில், அட்டை அனுப்பிய குழுவுக்குப் பணம் கொடுத்தது மாநில அளவிலான இன்னொரு குழு என்று தெரிந்தது. அதன் படிவங்களை இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன். முதலாமவரின் அலுவலகத்துக்கு எழுதி வினாத்தாளையும் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. தொடர்பான ஒரு சிறு கேள்வி: என் கணவர் இன்னும் எச்-1பி என்னும் தற்காலிக வேலை விசாவில் இருக்கிறார். அவர் ஒரு வேட்பாளருக்கு 50 டாலர் கொடுக்க விரும்புகிறார். தோழி ஒருத்தி கிரீன் கார்டு வைத்திருக்கிறாள், அவளும் கேட்கிறாள். உள்ளூர்ப் பள்ளித் தேர்தல்தானே, கொடுக்கலாமா?


கணக்கர் எழுதியது:

உங்கள் கணவர் கொடுக்கக் கூடாது அம்மா. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்கள் அமெரிக்காவின் எந்தத் தேர்தலுக்கும், அது கூட்டாட்சித் தேர்தலாக இருந்தாலும் மாநிலத் தேர்தலாக இருந்தாலும் ஊர்ப் பள்ளி வாரியமாக இருந்தாலும், ஒரு டாலர்கூடக் கொடுப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. தொகை சிறியது என்பது பொருட்டே இல்லை. நம்மவர்கள் விசா நிலையில் இருக்கும்போது இதில் விளையாட்டுக் காட்டவே கூடாது. உங்கள் தோழி தாராளமாகக் கொடுக்கலாம். நிரந்தரக் குடியிருப்பாளர்களுக்கு இந்தத் தடை இல்லை. உங்கள் கணவர் ஊதியம் எதுவும் பெறாமல் தொண்டராக அழைப்புகள் செய்யலாம், அட்டைகளை மடித்துக் கொடுக்கலாம், அதற்குத் தடையில்லை.

வாக்குரிமை வேறு விஷயம். சான் ஃபிரான்சிஸ்கோவில் 2016-இல் வாக்காளர்கள் ஏற்ற ஒரு திட்டத்தின்படி, குடியுரிமை இல்லாத பெற்றோரும் பள்ளி வாரியத் தேர்தலில் மட்டும் வாக்களிக்கலாம். ஆனால் பதிவுசெய்யும்போது கொடுக்கும் விவரங்கள் குடிவரவு அதிகாரிகளின் கைக்குப் போகக்கூடும் என்று அந்த நகரமே எச்சரிக்கிறது. அங்கே வசிப்பவர்கள் வழக்கறிஞரிடம் கேட்காமல் பதிவுசெய்ய வேண்டாம்.

நீங்கள் கொடுப்பதானால், இருவர் பெயரிலும் உள்ள வங்கிக் கணக்காக இருந்தாலும் காசோலையில் கையெழுத்து உங்களுடையதாகவும் பணம் உங்களுடையதாகவும் இருக்கட்டும். 100 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தால் தொழில், பணியிடம் ஆகிய கட்டங்களை வெறுமையாக விடாதீர்கள். 60 நாட்களுக்குள் அந்த விவரம் கிடைக்காவிட்டால் பொருளாளர் பணத்தைத் திருப்பி அனுப்பியாக வேண்டும்.